மாலை இல்லாத விரதம்

நம் வயதுக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் முதலில் சர்க்கரை, அடுத்து மூட்டுவலி, அதற்கடுத்து கட்டுப்பாடு. வாயைக் கட்ட வேண்டும், விடியற்காலையில் எழ வேண்டும், மனத்தை அலைய விடக் கூடாது. பூங்காவில் நடக்கும்போது நீங்கள் எல்லாரும் எனக்கு ஓதுவதும் இதுதான். என் மருமகள் போனில் ஒரு ஆப் வைத்திருக்கிறாள். தண்ணீர் குடித்தால் அதில் ஒரு பச்சை டிக் விழும். சீக்கிரம் படுத்தால் இன்னொன்று. தண்ணீர் குடிப்பதற்கு சாட்சி வேண்டியிருக்கிறது பாருங்கள் என்று நான் கிண்டல் செய்வேன். ஆனால் உண்மையைச் சொன்னால், ரொம்ப ஒழுங்கான மனிதரைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் ஒரு பயம் வரும். அப்படி ஒருவரோடு ஒரே வீட்டில் வளர்ந்தவள் நான்.

எங்கள் வீடு இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டில் இருந்து ஏரிப் பக்கமாக உள்ளே போகும் தெருவில் இருந்தது. அப்பா கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். மின்சார ரயிலில் தாம்பரம் வந்து இறங்கி, ஸ்டேஷனில் விட்டிருக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வருவார். தெருமுனையில் சைக்கிள் மணி கேட்டால் அன்றைக்கு நல்ல நாள். மணி கேட்காமல் ஹேண்டில்பார் சுவரில் உரசும் சத்தம் கேட்டால், நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தம்பியை இழுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய்விடுவேன். அப்போது நான் அஞ்சாங்கிளாஸ். சத்தத்தை வைத்து ஆளை எடை போடுகிற வித்தை எனக்கு நன்றாகவே வரும்.

அப்பா எங்களை அடித்ததில்லை. தட்டை வீசுவார். அம்மாவை வாய்க்கு வந்தபடி திட்டுவார், பிறகு வாசற்படியில் உட்கார்ந்து அழுவார். மறுநாள் காலையில் கண்ணெல்லாம் சிவந்து, ஒரு சுத்தியலை எடுத்து வைத்துக்கொண்டு, தட்டின் நெளிவைத் தட்டித் தட்டிச் சரி செய்வார். எங்கள் வீட்டுத் தட்டு ஒவ்வொன்றிலும் அவர் தட்டிய தடம் இருக்கும். ரசம் ஊற்றினால் அந்தத் தடங்களில்தான் போய்த் தேங்கும்.

பக்கத்துத் தெருவில் தையல்கடை வைத்திருந்தவர்தான் எங்கள் பகுதிக்குக் குருசாமி. ஆண்டுதோறும் ஐயப்பன் மலைக்கு ஒரு கூட்டத்தைத் திரட்டி அழைத்துப் போகிறவர். ஒரு ஐப்பசி மழையில் அப்பா சைக்கிளோடு கால்வாயில் விழுந்து கிடந்ததைத் தூக்கி வந்து விட்டவர் அவர். மறுநாள் வந்து எங்கள் வீட்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

"சாமி, கார்த்திகை பொறக்குது. ஒரே ஒரு மண்டலம் மாலை போட்டுப் பாரு. அதுக்கு மேல நான் இன்னா ஏதுன்னு உன்னக் கேக்க மாட்டேன்" என்றார்.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். கதவுக்குப் பின்னால் அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். "என்னால முடியுமா குருசாமி?" என்று அப்பா கேட்டார்.

"உன்னால முடியாது. மாலையால முடியும்."

அந்தச் சொல்லைத்தான் அம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள் என்று இப்போது தோன்றுகிறது.

மாடம்பாக்கம் சிவன் கோயிலில் வைத்து மாலை போட்டார்கள். துளசிமணி மாலை, கருநீல வேட்டி. அன்றிலிருந்து அப்பாவை நாங்கள் அப்பா என்று கூப்பிடக் கூடாது, சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். அவரும் எங்கள் எல்லாரையும் சாமி என்பார். ஐந்து வயதுத் தம்பியைப் பார்த்து, "சாமி, மூக்கைச் சிந்திட்டு வாங்க" என்பார். நானும் தம்பியும் உருண்டு உருண்டு சிரிப்போம்.

முதல் சில நாள் சிரிப்பு இல்லை. அப்பாவின் கை நடுங்கியது. டம்ளரைப் பிடித்தால் தண்ணீர் தளும்பியது. பனியிலும் வியர்த்தது. அம்மா மோரைக் கரைத்துக் கரைத்துக் கொடுத்தாள். விடியற்காலையில் கிணற்றடியில் வாளி தடதடவென்று ஆடும், பிறகு தலையில் தண்ணீர் விழுகிற சத்தம், அதோடு பற்கள் கிட்டியபடியே ஒரு சரணம். வேலையில் இருந்து வரும் வழியில் சாராயக்கடையைத் தாண்டும்போது மாலையைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொள்வாராம். குருசாமி சொல்லிக் கொடுத்தது. உள்ளங்கையில் மணிகள் பதிந்த குழிகளோடு வீட்டுக்கு வருவார்.

பிறகு நடுக்கம் நின்றது. விபூதியும் கற்பூரமும் ஈரவேட்டியும் சேர்ந்த ஒரு வாசனை எங்கள் வீட்டுக்கு வந்தது. தாடி வளர்ந்த ஒரு மனிதர் சாயங்காலத்தில் விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து எனக்குப் பின்னக் கணக்கு சொல்லிக் கொடுத்தார். அவருக்கு அவ்வளவு நன்றாகக் கணக்கு வரும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஏரி நிரம்பித் தவளைகள் கத்திக்கொண்டிருந்த அந்தக் கார்த்திகை மாதத்தைப் போல ஒரு மாதம் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை. மலைக்குப் போகும் வழியெல்லாம் இடிந்து அடைத்துக்கொள்ள வேண்டும், சாமி மாலையோடு வீட்டிலேயே இருந்துவிட வேண்டும் என்று ஐயப்பனிடமே வேண்டிக்கொண்டேன்.

அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, செய்யூர்ப் பக்கத்தில் சொந்த ஊரில் பயிர் வைத்துக்கொண்டிருந்தார். தாய் தகப்பன் இல்லாத அப்பாவை வளர்த்துப் படிக்க வைத்தது அவர்தான். முதல் தடவை மலைக்குப் போகிறவருக்காகச் செய்கிற கன்னிபூஜைக்குப் பச்சரிசியும் பூசணிக்காயும் தலையில் சுமந்துகொண்டு பஸ் ஏறி வந்தார். வந்தவர் சுமையை இறக்கியதும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தன் தம்பியின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். மாலை போட்டவர் காலில் பெரியவர்களும் விழுவது வழக்கம்தான். ஆனாலும் அப்பா பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்தார்.

"ஐயோ, இன்னாண்ணா இது."

"உங்க கால்ல வியல சாமி. மாலைல கீறவர் கால்ல வியறேன்" என்றார் பெரியப்பா. நாற்பது வருஷம் 'டேய்' என்று கூப்பிட்ட தம்பியை அன்று முழுவதும் வாங்க, போங்க என்றே பேசினார். புறப்படும்போது, "மலைக்குப் போய்ட்டு வந்து பிரசாதத்த மொதல்ல நம்ப வூட்டுக்குத்தான் எடுத்துக்கினு வரணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்கழி பிறந்தது. மலைக்குப் புறப்பட இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அரையாண்டுப் பரீட்சை முடிந்து நான் வீட்டில் இருந்தேன். முற்பகலில் பெரியப்பா ஊர் ஆள் ஒருவர் வாசலில் வந்து நின்றார். செருப்பைத் தெருவிலேயே விட்டிருந்தார். உள்ளே வரவில்லை. அம்மா தண்ணீர் வேண்டுமா என்று கேட்டதற்கும் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அந்தக் கையசைப்பிலேயே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. சாவு சொல்ல வருகிறவர்கள்தான் அந்த வீட்டில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள்.

"ராத்திரி மாரு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரிக்குப் பண்டிகூடக் கட்டல, அதுக்குள்ள போய்ட்டாரும்மா. சாயங்காலம் எடுக்கறாங்க. தம்பி வந்துடணும்னு பெரியம்மா சொல்லச் சொன்னாங்க."

"அவரு வேலைக்குப் போயிருக்காரு. நான் ஆள் விட்டுச் சொல்லிக்கிறேன், நீங்க போங்க" என்றாள் அம்மா. குரலில் ஒரு பிசிறும் இல்லை.

அந்த ஆள் போன பிறகு அம்மா கொஞ்ச நேரம் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். பங்காளி செத்தால் தீட்டு. அந்த நிமிஷமே மாலையைக் கழற்றிவிட வேண்டும். மலை கிடையாது. மாலை போன கழுத்தோடு அப்பா போய் நிற்கப் போவது ஒரு சாவு வீட்டில். அந்தக் காலத்துச் சாவு வீட்டில் பந்தலுக்குப் பின்னால் ஆண்களுக்கு என்ன கிடைக்கும் என்பதும் உங்களுக்குத் தெரியும். அப்பா எந்த நிலைமையில் திரும்பி வருவார் என்பதை அம்மா அந்த நிலைப்படியிலேயே பார்த்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

கிணற்றடிக்குப் போய், கட்டிய புடவையோடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். சாவு கேட்டால் செய்ய வேண்டியதில் அவளால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். ஈரத்தோடு வந்து என் முன்னால் குந்தி உட்கார்ந்தாள்.

"சாமிகிட்ட சொல்லாத. சொன்னா சாமி போயிடும், அப்பா வந்துடுவாரு. புரியுதா?"

எனக்கு நன்றாகப் புரிந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாக எவராலும் சொல்ல முடியாது. நான் சொல்லவில்லை. அதற்காக இன்றைக்கும் எனக்கு வருத்தம் கிடையாது. பெரியப்பாவை நினைத்தால்தான் வருத்தம்.

சாயங்காலம் சைக்கிள் மணி அடித்தது. சாமி வந்து குளித்து விளக்கேற்றினார். அம்மா தீட்டுக் கையால் சுண்டல் தாளித்து வைத்தாள். சாமி கும்பிடுகிற விஷயத்தில் எங்கள் தெருவிலேயே அம்மாவைப் போலப் பயந்தவள் கிடையாது. வெள்ளிக்கிழமை ஒரு எச்சில் டம்ளர் நகர்ந்தாலும் வீட்டைக் கழுவி விடுகிறவள். சரணகோஷம் எழும்பிய போது கண்ணை மூடிக்கொண்டு அவளும் கூடச் சொன்னாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. தலைவலி என்றாள்.

இருமுடி கட்டும் நாளில் வீட்டார் ஒவ்வொருவரும் ஒரு கை அரிசி எடுத்துப் பையில் போட வேண்டும். அம்மாவின் முறை வந்தபோது கை அரிசிக்குள்ளேயே நின்றுவிட்டது.

"சந்தோஷமாப் போடுங்கம்மா. புருஷன் நல்லபடியா ஆயிட்டாரு இல்ல" என்றார் குருசாமி.

அம்மா அரிசியை அள்ளினாள். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "எது வந்தாலும் என் தலைல வரட்டும்பா, ஐயப்பா" என்று சொல்லி, அதைப் பையில் போட்டாள்.

அப்பா மலை ஏறி இறங்கி வந்தார். வாசலில் தேங்காய் உடைத்து உள்ளே வந்தார். அம்மாதான் மாலையைக் கழற்றினாள். அவர் முகம் தேய்த்து வைத்த பித்தளை போலப் பளபளவென்று இருந்தது. என் பக்கம் திரும்பி, "இனிமே உங்க அப்பன் தொட மாட்டான். நீ பாரு" என்றார். மூன்று நாள் போனது. மாலை இல்லாமலும் மணி அடித்துக்கொண்டேதான் வந்தார். அம்மா மெதுவாக மூச்சு விட ஆரம்பித்தாள். பெரியப்பா விஷயத்தை எப்படிச் சொல்லலாம் என்று அவள் நாள் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

"அண்ணனுக்குப் பிரசாதம் குடுத்துட்டு வந்துடறேன்" என்று அப்பா புறப்பட்டார்.

"இன்னொரு நாளைக்குப் போலாங்க" என்றாள் அம்மா.

"ஊசிப் போயிடும்."

"ஏங்க…" என்று அம்மா ஆரம்பித்தாள். என்னைக் கூட்டிக்கொண்டு அப்பா படி இறங்கிவிட்டார். திரும்பிப் பார்த்தேன். அம்மா வாயைத் திறந்தபடியே நின்றாள். அவளுக்கு ஒரு நிமிஷம் கூடுதலாகக் கிடைத்திருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ.

செய்யூருக்கு முன்னால் பஸ்ஸை விட்டு இறங்கி வரப்பில் நடந்தோம். அப்பா என் கையில் அரவணைப் பாயச டப்பாவைக் கொடுத்துவிட்டு, தான் அப்பப் பொட்டலத்தை வைத்துக்கொண்டார். வழியில் எதிரே வந்த இரண்டு பேர் அப்பாவைப் பார்த்துவிட்டுப் பேசாமல் ஒதுங்கிப் போனார்கள். "இன்னாடா இது, மொகத்தத் திருப்பிக்கினு போறானுங்க" என்று அப்பா சிரித்தார். எனக்கு டப்பா கனத்தது.

வீட்டு வாசலில் பெரியம்மா உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் ஒன்றும் இல்லை. அப்பா வெளியிலேயே நின்றுவிட்டார். பெரியம்மா எழுந்திருக்கவில்லை.

"இப்பதான் வழி தெரிஞ்சுதா? உனக்காகப் பொழுது சாயற வரைக்கும் போட்டு வெச்சிருந்தோம்டா. தம்பி வந்துடுவான், தம்பி வந்துடுவான்னு ஊரே ஒக்காந்துகினு இருந்துச்சு. உன் பொண்டாட்டிகிட்டதான் சொல்லிட்டு வந்தேன்னு ஆளு சொன்னானே."

அப்பாவின் கை என் தோளில் இருந்தது. அவர் என்னைக் குனிந்து பார்த்தார். நான் டப்பாவைப் பார்த்துக்கொண்டேன். என் முகத்தில் எல்லாமே எழுதியிருந்திருக்கும்.

"அவ சொன்னா அண்ணி. மாலைல இருந்தேன். கழட்ட மனசு வரல" என்றார் அப்பா.

பெரியம்மா அவரையே பார்த்தாள். "மாலை பெரிசாப் பூட்ச்சு உனக்கு. வளத்தவன் சின்னதாப் பூட்டான்" என்றாள். பிறகு, "அந்தப் பிரசாதத்த எடுத்துக்கினு போ. எங்க வூட்ல யாரும் துன்ன மாட்டாங்க" என்று முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அம்மாவை அவர் காட்டிக் கொடுக்கவில்லை. ஊர் முன்னால் அந்தப் பழியை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த ஊரில் அவருக்குத் தண்ணீர் கொடுக்கவும் ஆள் இல்லை.

திரும்பிப் பஸ் ஏறினோம். இரும்புலியூரில் இறங்கி நடந்தோம். சாராயக்கடை வந்தது. அப்பா அதற்கு எதிரே நின்றார். உள்ளிருந்து வாடை வந்தது. லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் கை கழுத்துக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாததால் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டது. எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியவில்லை. போங்கப்பா, போய்க் குடித்துவிட்டு வந்து அழுதுவிடுங்கள் என்று எனக்கே தோன்றியது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டார்.

வீட்டு வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அப்பா நேராகக் கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். ஊற்றினார், ஊற்றினார், நிறுத்தவே இல்லை. பிறகு ஈரத்தோடு வந்து கூடத்தில் உட்கார்ந்தார். அம்மா சுவரோடு ஒட்டி நின்றாள். திட்டுவார், தட்டை வீசுவார் என்று காத்திருந்தாள். அந்தத் தட்டுக்காக அவள் அப்படிக் காத்திருந்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"சாமி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றார் அப்பா.

அவ்வளவுதான். மறுநாள் விடியற்காலையில் கிணற்றடியில் வாளி ஆடும் சத்தம் கேட்டது. அடுத்த நாளும் கேட்டது. பச்சைத் தண்ணீர்க் குளியல், வெறுங்கால், கூடத்தில் தனிப் பாய், தனி டம்ளர். கழுத்தில் மாலை மட்டும் இல்லை. நாங்கள் பிள்ளைகள் பழையபடி எங்கள் பெயருக்குத் திரும்பிவிட்டோம். அம்மா மட்டும் அவருக்குச் சாமியாகவே இருந்தாள். "சாமி, சாப்பாடு போடுங்க." "சாமி, கதவைச் சாத்திக்கோங்க." கோபமாகக்கூட இல்லை, பக்கத்து வீட்டுப் பெண்மணியிடம் பேசுகிற மாதிரி இருக்கும். கூடத்தில் அவர் சத்தமில்லாமல் நடமாடுவார். குடிகாரர் இருந்த வீட்டில் நான் எதையாவது காதில் வாங்கிக்கொண்டே இருந்தேன். இந்த வீட்டில் காதில் வாங்க ஒன்றும் இல்லை.

அரவணை டப்பாவை ஒருவரும் திறக்கவில்லை. சமையலறைப் பரணில் துருப்பிடித்து, அடியில் எறும்பு மொய்த்து, ஒரு பொங்கலுக்கு வெள்ளை அடிக்கும்போது காணாமல் போனது.

தெருவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? "ஒரே மலைல திருந்துன ஆளு" என்று குருசாமி புதிதாக மாலை போடுகிறவர்களை எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்து காட்டுவார். குடிகாரப் புருஷன் உள்ள பெண்கள் அம்மாவின் கையால் குங்குமம் வாங்கிப் போவார்கள். அம்மா கொடுப்பாள். அடுத்த கார்த்திகையில் குருசாமி மாலையோடு வந்தபோது அப்பா கைகூப்பி, "வேணாம் குருசாமி, எனக்கு இதுவே போதும்" என்று சொல்லிவிட்டார். அடக்கத்தைப் பார்த்தீர்களா என்று தெரு மெச்சியது. தீட்டோடு பதினெட்டாம் படி ஏறியவன் நான், இனி மாலையைத் தொட எனக்கு யோக்கியதை இல்லை என்று அவர் நினைத்ததை நான் வயதான பிறகுதான் ஊகித்தேன். அதை ஒருநாளும் அவர் சொன்னதில்லை.

இப்படியே எத்தனையோ வருஷம் ஓடியது. ஏரியைச் சுற்றி வீடுகள் வந்தன. நான் கோவிலம்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டுப் போய், முதல் பிள்ளைப்பேற்றுக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அப்பா சாப்பிட உட்கார்ந்தார். அம்மா சோறு போட்டு, குழம்பு ஊற்றி, முந்தானைக்குள்ளிருந்து ஒரு குவார்ட்டர் பாட்டிலை எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒரு கண்ணாடி டம்ளரையும் வைத்தாள். எந்தக் கடையில் போய் நின்று வாங்கினாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"குடிங்க. குடிச்சிட்டு என்னத் திட்டுங்க. ரெண்டு வார்த்த போதும்" என்றாள்.

அப்பா பாட்டிலைப் பார்த்தார். கை சோற்றிலேயே இருந்தது. அவர் அந்தப் பேச்சை எடுத்தது அந்த ஒரு தடவைதான்.

"அன்னிக்குச் சொல்லியிருந்தா நான் மாலையைக் கழட்டிட்டுப் போய் அண்ணன் மொகத்தப் பாத்துட்டு வந்திருப்பேன். குடிச்சிருக்க மாட்டேன். நீங்க நம்பல, சாமி."

அம்மா அழுவாள் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்பாள் என்றும் நினைத்தேன். அவள் சுவரில் சாய்ந்து மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"இல்லீங்க. நம்பல. இப்ப அந்தச் சாவு சொன்ன ஆளு வாசல்ல வந்து நின்னாலும் நான் நம்பமாட்டேன்" என்றாள்.

"அதான்" என்றார் அப்பா.

பிறகு பாட்டிலை ஓரமாக நகர்த்திவிட்டு மோர் கேட்டார். அம்மா எழுந்து ஊற்றினாள்.